கையில் கட்டிய வண்ணக் கயிறு

சங்கரன்கோவிலில் இராஜபாளையம் பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் கரிவலம்வந்தநல்லூர் வந்துவிடும். கரி என்றால் யானை. யானை வலம் வந்த நல்ல ஊர் என்பது பெயரின் பொருள். பால்வண்ணநாதர் கோவிலால் புகழ் பெற்ற ஊர். ஆனால் மாணவ நண்பர்களே, நாம் இன்று பார்க்கப் போவது கோவிலை அன்று. இவ்வூரை அடுத்த பாஞ்சாகுளம் என்ற சிற்றூரின் பெட்டிக்கடை ஒன்றை.

2022 செப்டம்பரில் பள்ளிச் சிறுவர்கள் சிலர் அந்தக் கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார்கள். கையில் காசு இருந்தது. கடையில் பண்டமும் இருந்தது. ஆனாலும் கடைக்காரர் கொடுக்கவில்லை. ஊரில் கட்டுப்பாடு வந்திருக்கிறது, இனி உங்களுக்கு இங்கே எதுவும் கிடைக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர்கள் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் என்பதுதான் காரணம். அந்தக் காட்சியின் படப்பதிவு வெளியே பரவியது. கரிவலம்வந்தநல்லூர்க் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று, கைதுகள் நடந்தன, கடைக்கு முத்திரை வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேர் ஆறு மாதம் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றமும் தடை விதித்தது.

யாரும் யாரையும் அடிக்கவில்லையே, ஒரு மிட்டாய்தானே போயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு விஞ்ஞானம் ஏதாவது பதில் வைத்திருக்கிறதா?

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு நாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத இருவர் வீசி விளையாடிய தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். அவர்கள் அவருக்கே திருப்பி வீச, மூவருமாகச் சிறிது நேரம் விளையாடினார்கள். திடீரென்று அந்த இருவரும் இவரை விட்டுவிட்டுத் தமக்குள்ளேயே வீசிக்கொள்ளத் தொடங்கினார்கள். பெயர் தெரியாத இருவர், ஒன்றுக்கும் பெறாத தட்டு. ஆனாலும் மனம் சுருக்கென்றது. அட, இதையே ஒரு சோதனையாக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது!

பின்னாளில் அந்தத் தட்டு கணிப்பொறித் திரையில் ஒரு பந்தாக மாறியது. 2003-ல் நவோமி ஐசன்பெர்கர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் வில்லியம்சும் மற்றொருவரும் சேர்ந்து, மூளையைப் படம் பிடிக்கும் காந்தக் கருவிக்குள் ஆட்களைப் படுக்க வைத்து இந்த ஆட்டத்தை ஆட விட்டார்கள். கூட ஆடுபவர்கள் இருவர் என்று சொல்லப்பட்டது. உண்மையில் ஆடியது கணிப்பொறி. சில வீச்சுகளுக்குப் பிறகு பந்து இவரிடம் வருவதே நின்றது. அப்போது மூளையின் நடுமடிப்பில் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. உடம்பில் வலி ஏற்பட்டு நாம் வருந்தும்போதும் வேலை செய்கிற பகுதி அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தப் பகுதி வேறு பல வேலைகளையும் செய்கிறது என்று பின்னர் தெரிந்திருக்கிறது. ஆகவே அடிபடுவதும் ஒதுக்கப்படுவதும் மூளைக்கு ஒன்றேதான் என்று சில புத்தகங்கள் அடித்துச் சொல்வதை நம்பிவிடாதீர்கள். ஆனால் ஒதுக்கப்படுவது உண்மையாகவே நோகும், முகம் தெரியாதவர்கள் ஒதுக்கினாலும் நோகும் என்பது மீண்டும் மீண்டும் சோதித்துக் கண்ட முடிவு. திரையில் ஒரு பந்து வராததற்கே இப்படி என்றால், தினமும் கடந்து போகும் கடையில், தெரிந்த மனிதர், காசை நீட்டிய கையைப் பார்த்து இல்லை என்று சொன்னால்?

வகுப்பில் ஒருவரையொருவர் கிண்டல் செய்வதெல்லாம் குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். டான் ஆல்வியஸ் என்ற அறிஞர் 1970-களிலிருந்தே இதை ஆராய்ந்தவர். நார்வே நாடு 1983-ல் பள்ளிகளில் நடத்திய இயக்கத்துக்கும் அவர் ஆராய்ச்சி உதவியது. அவர் மூன்று அடையாளங்கள் சொன்னார். நோகட்டும் என்றே செய்வது. திரும்பத் திரும்பச் செய்வது. எதிர்த்து நிற்க முடியாத நிலையில் இருப்பவரிடம் செய்வது. இரண்டு நண்பர்கள் மாறி மாறிக் கிண்டலடித்துச் சிரிப்பது விளையாட்டு. பத்துப் பேர் சேர்ந்து ஒருவனைத் தினமும் பட்டப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது சீண்டல். பணம், உடல் வலு, கூட்டம் இவை மட்டுமா ஏற்றத்தாழ்வைத் தருகின்றன? நம் ஊர்களில் சாதியும் தருகிறது.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு மாணவனும், அவனைக் காக்க ஓடிவந்த தங்கையும் அவன் பள்ளி மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதற்கு முன்பே அவன் பள்ளியில் சீண்டப்பட்டு வந்தான். இதன் பிறகு அரசு அமைத்த ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பள்ளிக் கல்வித்துறை 2019-லேயே இதைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஒரு முழ நூல்தான்! ஆனால் யார் யாரோடு உட்கார வேண்டும், யாரைச் சீண்டினால் யார் கேட்க வருவார்கள் என்பதையெல்லாம் அது சொல்லிவிடுகிறது.

சரி, ஊர் ஊராகப் போய் நல்ல சொல் சொன்னால் இது மாறுமா? அப்படிப் போகும் பழக்கம் நமக்குப் புதிதன்று. 1987-ல் நாட்டின் ஐந்து பகுதிகளிலிருந்து விஞ்ஞானக் கலைப் பயணங்கள் புறப்பட்டு, வழியெல்லாம் பாட்டும் நாடகமுமாக, நவம்பர் 7-ந் தேதி போபாலில் போய்ச் சேர்ந்தன. இன்றும் சீண்டலைப் பற்றிப் பேசவும் நடிக்கவும் பள்ளிகளுக்குக் குழுக்கள் வருகின்றன. நல்லதுதான். ஆனால் வேன் புறப்பட்டுப் போன மறுநாள், இடைவேளையில் குழாயடியில் நடப்பதை யார் பார்க்கிறார்கள்?

கனடாவில் டொராண்டோ நகரத்துப் பள்ளிகளில் ஆராய்ச்சியாளர்கள் இதைப் படம் பிடித்தே பார்த்தார்கள். 2001-ல் வெளிவந்த முடிவு இது: சீண்டல் நடந்த 100 தடவைகளில் 88 தடவை மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் தலையிட்டது 19 தடவைதான். ஆனால் தலையிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்தே விநாடியில் சீண்டல் நின்றுவிட்டது! ஆசிரியர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிடுகிற காரியம்.

இன்னொரு சோதனை இதைவிடச் சுவையானது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் எலிசபெத் பலக் என்பவரும் அவர் குழுவினரும் 56 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளில் மட்டும் திட்டத்தை நடத்தினார்கள். ஒவ்வொன்றிலும் 20 முதல் 32 மாணவர்களைக் குலுக்கலில் எடுத்தார்கள். நல்ல மதிப்பெண் வாங்குபவர்களா என்று பார்க்கவில்லை. வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் அவ்வப்போது வந்து போவார். அவர் உபதேசம் செய்யவில்லை. உங்கள் பள்ளியில் எது சரியில்லை, நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டார், அவ்வளவே. சுவரொட்டி எழுதியதும், வாசகம் அமைத்ததும் மாணவர்களே. 2016-ல் வெளியான முடிவின்படி, திட்டம் நடந்த பள்ளிகளில் மாணவர் சச்சரவு பற்றிய புகார்கள் ஓராண்டில் 30 சதவீதம் குறைந்திருந்தன. எல்லோருக்கும் பழக்கமான, பலர் கண்ணில் படுகிற பிள்ளைகள் குழுவில் கூடுதலாக இருந்த இடங்களில் பலனும் கூடுதல்.

அவர்கள் பயன்படுத்திய ஒரு பொருள் என்ன தெரியுமா? கைப்பட்டை! ஆரஞ்சு நிறப் பட்டை. யாராவது ஒருவர் சண்டையை விலக்கினால், தனியாக இருந்தவரைச் சேர்த்துக்கொண்டால், குழு மாணவர் ஒருவர் அதைப் பார்த்துப் பாராட்டி அந்தப் பட்டையைக் கொடுப்பார். பிறப்பால் வராத பட்டை. இதைப் படித்தபோது எனக்கு நம் தென் மாவட்டத்துக் கயிறுகள்தாம் நினைவுக்கு வந்தன. உடனே இங்கேயும் ஆரஞ்சுப் பட்டை கட்டலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். நம் பள்ளிகளில் எந்த நிறத்துக்கும் ஒரு பொருள் கற்பிக்க ஆள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறத்தை அன்று, முறையை.

ஒன்றை மறக்க வேண்டாம். மிரட்டல், அடி, ஆயுதம் என்று போகும் இடத்தில் தனியாகக் குறுக்கே பாயக் கூடாது. ஆசிரியரை அழைக்க வேண்டும். 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம், கட்டணமில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு சோதனை. செலவில்லாதது. ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். ஐந்து பள்ளி நாட்கள், மதிய உணவு நேரத்தில் கவனியுங்கள். யாருடைய பெயரும் எழுத வேண்டாம். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்? சீண்டல் எத்தனை முறை, எந்த இடத்தில்? அப்போது நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை யாராவது தலையிட்டார்கள், எத்தனை விநாடியில் நின்றது? மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் போதும். ஆறாம் நாள் டொராண்டோக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த முறை ஏதாவது ஒரு குழு உங்கள் பள்ளிக்கு வரும்போது, நாடகம் முடிந்ததும் அந்த நோட்டை அவர்களிடம் காட்டுங்கள்.