பொளக்... அங்கே இருக்கு பாருங்க விரால்!

சித்திரை பிறந்துவிட்டால் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையில் மாவை ஊற்றித் தோசையே எடுக்கலாம். புத்தியுள்ள எவனும் அந்த வெயிலில் வெளியே தலைகாட்ட மாட்டான். நான் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன்.

"ஏங்க, காய்கறி வாங்கப் போகச் சொன்னா மட்டும் வெயில் மண்டையைப் பொளக்குது, குளத்துக்குப் போறதுன்னா குளுகுளுன்னு இருக்குமாக்கும்?" என்பாள் என் மனைவி.

நியாயமான கேள்விதான். என்னிடம் இருக்கும் பதில் ஒரே வார்த்தை: விரால்!

நத்தம் ரோட்டில், சிறுமலை தெரிகிற தூரத்தில், ஒரு சின்னக் குளம். நல்ல மழை வருஷத்தில் கலுங்கு தாண்டும். சித்திரையில் மடைப் பக்கம் மட்டும் இடுப்பளவு தண்ணீர் கிடக்கும். 'இந்தக் குட்டையில் என்ன பெரிய மீன் இருந்துவிடப் போகிறது' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இருக்கும் சார். தேடத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

எனக்குத் தேடக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மாமா. குளத்துக்குப் போனதும் தூண்டிலைத் தொட விடமாட்டார். "மொதல்ல கம்முனு உக்காருடா மாப்ளே. அரை மணி நேரம் தண்ணியைப் பாரு" என்பார். எனக்கோ பொறுமை போய்விடும். திடீரென்று ஆகாயத்தாமரை ஓரத்தில் 'பொளக்' என்று ஒரு சத்தம் வரும். மாமா கண்ணைச் சிமிட்டுவார். "அட்ரஸ் குடுத்துட்டான்!"

விஷயம் இதுதான். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் வரை பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைக்கு மேல் தாங்காது. அதனால்தான் கோடையில் விடியற்காலை கட்லா, ரோகு எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. விராலுக்கு இந்தக் கவலையே இல்லை. செவுளுக்கு மேலே காற்றை வைத்துக்கொள்ள அதற்குத் தனி அறை உண்டு. நம்மைப் போலவே காற்றைச் சுவாசிக்கும். ஆனால் மேலே வந்து மூச்சு விட்டே ஆகவேண்டும். வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்றால் சிரிப்பீர்கள், நிஜம்!

ஆக, கோடையில் ஒளிய இடமும் குறைவு, முகத்தைக் காட்டாமல் இருக்கவும் முடியாது. சின்ன விராலும் குறவையும் அவசரக் குடுக்கைகள். 'சளக்' என்று துள்ளிவிட்டு ஓடும். பெரியது மிட்டாதார் மாதிரி நிதானமாக மூக்கை நீட்டி, ஒரு வாய் காற்றை உறிஞ்சி, அகலமான வளையத்தை விட்டுவிட்டு இறங்கும். கோரைப்புல் ஓரம், மடைப் பள்ளம், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மர நிழல்... இந்த மூன்று இடத்தையும் கண்ணை எடுக்காமல் பாருங்கள். காலை ஒன்பது மணி வரைக்கும், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகும்தான் நேரம். உங்கள் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. கரையில் தொம் தொம்மென்று நடக்கக்கூடாது. குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உடம்புக்கு நல்லது.

இரை, தவளை. இப்போதெல்லாம் ரப்பர் தவளை கூரியரிலேயே வந்துவிடுகிறது. அமெரிக்காக்காரர்கள் பாஸ் என்ற மீனுக்காகச் செய்தது. நம் விராலும் ஏமாறுகிறது. பாசி மேல் அதைத் தத்தித் தத்தி இழுக்கவேண்டும். 'டப்'பென்று அடித்ததும் பதறி இழுத்தால் வெறும் தவளைதான் வரும். "பழனி முருகான்னு ரெண்டு தரம் சொல்லிட்டு இழுடா" என்பார் மாமா.

அந்த அமெரிக்காவில் நம் விரால் வம்சத்துக்கே விசா கிடையாது, தெரியுமா? 2002-ல் மேரிலாந்தில் ஒரு குட்டையில் விராலின் சீன உறவுக்காரன் பெருகிவிட்டதென்று விஷம் ஊற்றி அழித்தார்கள். அதே வருஷம் இந்தக் குடும்பத்து மீன் எதையும் உயிரோடு உள்ளே கொண்டுவரக்கூடாதென்று தடையும் போட்டார்கள். அங்கே அது வில்லன். இங்கே நிலைமை வேறு. அதை நான் உணர்ந்தது ஒரு வைகாசியில்.

கோடை மழை பெய்து குளத்தில் கொஞ்சம் புதுத் தண்ணீர் வந்திருந்தது. கோரை ஓரத்தில் ஓரிடம் மட்டும், சோறு கொதிக்கிற மாதிரி தளதளவென்று குமிழ் விட்டது. பார்த்தால், செக்கச்செவேலென்று நூற்றுக்கணக்கில் விரால் குஞ்சுகள்! அடியில் ஒரு கறுப்பு நிழல். மாமா அன்றைக்கு வரவில்லை. தவளையைப் போட்டேன். முதல் வீச்சிலேயே அடித்தது. பசியில் இல்லை, கோபத்தில். ரெண்டு கிலோ தொடும். தெருவே வேடிக்கை பார்க்க, தூக்கிக்கொண்டு வந்தேன்.

மாமா மீனைப் பார்த்தார். "குஞ்சோட இருந்துச்சா?"

"ஆமா மாமா."

அன்று ராத்திரி அவர் குழம்பைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் என்னை அதே இடத்துக்கு இழுத்துப் போனார். குஞ்சுக்கூட்டம் சிதறிக் கிடந்தது. கீழேயிருந்து ஜிலேபிக் கெண்டையும் மேலேயிருந்து மீன்கொத்தியும் பந்தி நடத்திக்கொண்டிருந்தன. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை.

"கட்லாக் குஞ்சைக் குத்தகைக்காரன் காசு குடுத்து வாங்கி விடுவான். விராலை யாருடா இங்க வாங்கி விடுறா? அதுவா சேத்துக்குள்ள கெடந்து பொழைச்சு வந்தாத்தான் உண்டு. ஒத்த மீனை இல்லடா, ரெண்டு வருஷத்து மீனைப் புடிச்சுட்டு வந்திருக்கே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கண்மாய் அழிக்கிற நாளில் அவர் செய்கிற வேலையின் அர்த்தம் அப்புறம்தான் புரிந்தது. பெரியவர் துண்டை வீசியதும் ஊர்சனம் ஊத்தாவும் கச்சாவுமாகச் சேற்றில் பாயும். மாமாவும் பாய்வார். ஆனால் பிடித்ததில் நாலைந்து சின்ன விராலை ஈரச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டி, யாருக்கும் தெரியாமல் தோட்டத்துக் கிணற்றில் விட்டுவிடுவார். ஈரம் காயாவிட்டால் விரால் அவ்வளவு லேசில் சாகாது. மழை வந்து குளம் நிறைந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவார்.

மாமா இப்போது இல்லை. போன வைகாசியில் அதே கோரை ஓரத்தில் மறுபடி தளதளவென்று கொதிப்பு. அடியில் கறுப்பு நிழல், முன்னதைவிடப் பெரிசு. கை நமநமவென்றது. தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு இருட்டுகிற வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் பையை எட்டிப் பார்த்த மனைவி கேட்டாள்: "இன்னைக்கும் ஒண்ணும் மாட்டலையா?"

"பெரிய விரால் ஒண்ணு... நான்தான் வேணாம்னு விட்டுட்டு வந்துட்டேன்."

"சரி சரி... கையைக் கழுவிட்டு வாங்க. கத்திரிக்காய்ப் புளிக்குழம்புதான்!"