மூலிகையின் பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா?

தரம் 8 மாணவர்களுக்குச் சூழலிலுள்ள தாவரங்கள் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் வரும்போது ஆளுக்கொரு மூலிகையைப் பிடுங்கி, பெயரை ஒரு துண்டில் எழுதிக் கட்டிக்கொண்டு வருமாறு சொல்லியிருந்தேன். மேசையில் குவிந்தவற்றுள் மூன்று செடிகளில் ‘கீழ்காய்நெல்லி’ என்று எழுதியிருந்தது. முதலாவது உண்மையான கீழ்காய்நெல்லி. இரண்டாவது அதன் நெருங்கிய இனம். தண்டு சிவந்து, காய்கள் காம்பில்லாமல் ஒட்டியிருந்தன. மூன்றாவது வெறும் புளியங்கன்று.

மூன்றாவதைக் கொண்டுவந்த மாணவனிடம் விசாரித்தேன். “கீழ்காய்நெல்லிதான் சேர். செங்கமாரிக்கு மூத்தம்மா இதத்தான் அரைச்சுக் குடுக்கிற” என்று அடித்துச் சொன்னான். இலைக்காம்பைப் புரட்டிக் காட்டி, “காய் எங்கே?” என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

மூலிகை மருத்துவம் எமக்கு அந்நியமானதல்ல. மழைக்காலத்தில் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிக்காத வீடு எமது ஊர்களில் இல்லை. பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்கு அரைத்த கறி, மூட்டு வலிக்கு முடக்கொத்தான், இருமலுக்கு ஆடாதோடை, தாகத்துக்கு ஆவாரம்பூ அவித்த தண்ணீர் என்று பட்டியல் நீளும். சிங்களச் சகோதரர்கள் ரணவரா என்று அழைப்பதும் இதே ஆவாரையைத்தான். நாடெங்கும் கடைகளில் விற்கும் பஸ்பங்குவவில் மல்லி, இஞ்சியோடு கண்டங்கத்தரி, பற்படாகம் போன்ற காட்டு மூலிகைகளும் சேர்கின்றன.

இந்நாட்டுச் சட்டமும் இம்மருத்துவத்தில் எமக்கு உரிய இடத்தைத் தந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், ‘ஆயுர்வேதம்’ என்ற சொல்லுக்குள் சித்த மருத்துவம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகிய அனைத்தையும் அடக்குகிறது. யூனானி கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. கண்டி இராச்சியக் காலத்தில் அரசவை வைத்தியர்களாக விளங்கிய முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. கோபால பரம்பரையினர் அவர்களுள் பெயர் பெற்றவர்கள்.

இவற்றை ‘பாட்டி வைத்தியம்’ என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. கொத்தலஹிம்புட்டு மரத்தில் செய்த கோப்பையில் இரவு ஊற்றிவைத்த தண்ணீரைக் காலையில் குடிப்பது நீரிழிவுக்குப் பழைய வைத்தியம். 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அத்தாவரத்திலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மாப்பொருள் குடலில் சீனியாக உடைவதை அது தாமதப்படுத்துகிறது. எமது முன்னோர் கண்மூடித்தனமாக எதையும் குடிக்கவில்லை என்பதற்கு இவை சான்று.

அப்படியானால் பிரச்சினை எங்கே இருக்கிறது? நல்ல பரிசாரி ஒருவர் மருந்து கொடுக்க முன்னர் நான்கு கேள்விகளுக்கு விடை காண்பார். இது எந்தச் செடி? எந்தப் பாகம், எவ்வளவு? குடிப்பவர் யார்? அவருக்கு வந்திருக்கும் நோய் என்ன? இன்று வட்ஸ்அப்பில் எமக்கு வருவது செடியின் பெயரும் நோயின் பெயரும் மட்டுமே. மற்றவையெல்லாம் வழியில் தொலைந்துவிடுகின்றன.

முதலாவது, எந்தச் செடி என்ற கேள்வி. நிலவேம்பை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நிலவேம்புக் குடிநீர் என்றால் அதிலுள்ளது ஒரு செடி. எமது நாட்டில் சிங்களத்தில் பிங்கொஹொம்ப என்றால், அதன் பொருளும் நிலவேம்புதான், ஆனால் செடி வேறு, குடும்பமும் வேறு. அந்தச் செடி அரிதாகி விலை ஏறியதால் முன்னையதை அதற்குப் பதிலாகப் பாவிப்பதும் நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளியைப் பார்த்துவிட்டு இங்குள்ள கடையில் பெயரைச் சொல்லி வாங்குபவருக்குக் கையில் எது கிடைத்தது என்று தெரியாது.

பெயர்க் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பெல்ஜியத்தில் நடந்த ஒரு சம்பவத்தை உலக மருத்துவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகப் பெண்களுக்குச் சீன மூலிகை கலந்த மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. அதில் சேர்க்க வேண்டியிருந்த மூலிகையின் பெயர் ஹான் ஃபாங் ஜி. வந்து சேர்ந்தது குவாங் ஃபாங் ஜி. பெயரில் சிறு வித்தியாசம்தான். ஆனால் இரண்டாவது செடியில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டன. பலருக்குச் சிறுநீரகங்கள் முற்றாகச் செயலிழந்தன. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அதே இனத்தைச் சேர்ந்த கொடியொன்று எமது பற்றைகளிலும் படர்ந்திருக்கிறது. தமிழில் ஈச்சுரமூலி என்றும் சிங்களத்தில் சப்சந்த என்றும் சொல்வார்கள். பாரம்பரிய மருத்துவத்தில் அதற்கும் இடமுண்டு. அதனால்தான் அதை நாமாகப் பிடுங்கி அவித்துக் குடிப்பது ஆபத்தானது.

இஸ்லாமிய உலகின் மருத்துவ அறிஞர்கள் இந்த ஆபத்தை நன்கு அறிந்திருந்தார்கள். அந்தலூசியாவின் மாலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் வபாத்தான இப்னுல் பைத்தார், தனி மருந்துகள் பற்றிய தமது பெருநூலில் சுமார் 1400 பொருட்களைத் தொகுத்தார். பயன்களை எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. ஒரே செடிக்கு அரபு, கிரேக்கம், பாரசீகம், பர்பர் முதலிய மொழிகளில் என்னென்ன பெயர்கள் உண்டு என்பதையும் ஒப்பிட்டு எழுதினார். பெயர் தவறினால் உயிர் தவறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது, பாகமும் அளவும். கார்த்திகைப்பூவைப் பார்த்திருப்பீர்கள், சிங்களத்தில் நியங்கலா. அதன் கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் எமது நாட்டில் இருக்கிறார்கள். அதிலுள்ள நஞ்சு கொல்கிசின். அதே கொல்கிசினைத்தான் கீல்வாத நோயாளிக்கு அரை மில்லிகிராம் மாத்திரையாக வைத்தியர் எழுதிக் கொடுக்கிறார். யூனானியில் மூட்டு நோய்க்குப் பாவிக்கும் சூரிஞ்சான் கிழங்கும் கொல்கிசின் உள்ள இனம்தான். அதிலும் இனிப்பு வகை உள்ளே கொடுப்பதற்கு, கசப்பு வகை வெளியே பூசுவதற்கு என்று ஹக்கீம்கள் பிரித்து வைத்தார்கள். சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் ‘சுத்தி’ என்று சொல்லப்படும் முறையும் இதற்காகவே வந்தது. பாலிலோ வேறு திரவத்திலோ ஊறவைத்து, வேகவைத்து, நஞ்சின் வேகத்தைக் குறைத்த பின்னரே சில பொருட்கள் மருந்தாகின்றன. இந்த விபரமெல்லாம் இரண்டு வரிச் செய்தியில் வராது.

சாப்பாட்டில் பாவிக்கும் பொருள்கூட அளவு மாறினால் நஞ்சாகலாம். பிலிங்காயைக் கறியில் போடுகிறோம், அச்சாறு போடுகிறோம், ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் கொலஸ்ட்ரோலும் சீனியும் குறையும் என்று நம்பி, வெறும் வயிற்றில் அதன் சாற்றைப் பிழிந்து குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த சம்பவங்களை எமது நாட்டு வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காமரங்காயும் இப்படித்தான். இரண்டிலும் ஒக்சலேட் அதிகம். அது சிறுநீரகத்தில் பளிங்குகளாகப் படிந்து அடைத்துவிடுகிறது.

மூன்றாவது, குடிப்பவர் யார் என்பது. கொத்தலஹிம்புட்டு சீனியைக் குறைக்கும் என்றேன். வைத்தியசாலையில் கொடுத்த மாத்திரையையும் போட்டுக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் இதையும் குடிப்பவருக்குச் சீனி தேவைக்கு மேல் குறைந்து மயக்கம் வரலாம். கிளினிக்கில் டொக்டர் கேட்டால், “வேறொன்றும் குடிக்கிறல்ல” என்று சொல்வது எமது வழக்கம். ஏசுவார் என்ற பயம்தான் காரணம். ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு பிள்ளைகள், சிறுநீரக நோயாளர்கள் ஆகியோருக்கு எந்தக் கசாயத்தையும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

நான்காவது கேள்வியை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் அல்ல.

சில வருடங்களுக்கு முன்னர், பெரும்போக அறுவடை நேரம். வயலில் நின்ற என் சாச்சாவுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு வலி, அதிலும் கெண்டைக்காலில் கடும் வலி. கண் சிவந்தது. நான்காம் நாள் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. வைத்தியசாலைக்குப் போவோம் என்று கேட்டேன். “இது செங்கமாரி மகன். இங்கிலீஸ் மருந்து சரிவராது. கீழ்காய்நெல்லி புடுங்கிட்டு வா” என்றார். வரம்பில் இறங்கித் தேடிப் பிடுங்கிக் கொடுத்தவன் நான்தான். சாச்சி அரைத்துப் பாலில் கலந்து மூன்று நாள் கொடுத்தா.

அது சரியான கீழ்காய்நெல்லி. அளவும் சரி. நோய்தான் வேறு.

அது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கும் பக்டீரியா, கால் வெடிப்பாலும் காயத்தாலும் உடம்புக்குள் போகிறது. கடுமையானால் ஈரலையும் சிறுநீரகத்தையும் ஒன்றாகத் தாக்கும். 2008ஆம் ஆண்டில் மட்டும் எமது நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்ச் சந்தேகத்தில் பதிவானார்கள். ஆரம்பத்தில் கண்டுகொண்டால் சாதாரண அன்டிபயோட்டிக் மருந்திலேயே குணமாகும். சாச்சாவை நாங்கள் கொண்டுபோகும்போது சிறுநீர் நின்றிருந்தது. இரத்தம் சுத்திகரித்தார்கள். ஐந்தாம் நாள் வபாத்தானார்.

செங்கமாரி என்பது ஒரு நோயல்ல, ஓர் அடையாளம். ஹெப்படைட்டிஸ் ஏ கிருமியால் வரும் செங்கமாரி பெரும்பாலும் ஓய்வோடு சில வாரங்களில் தானாகவே மாறிவிடும். அந்த நேரம் கீழ்காய்நெல்லி குடித்தவர் அதனால்தான் சுகமானது என்று நம்புவார். அந்த நம்பிக்கையைப் பத்துப் பேருக்குச் சொல்வார். ஆனால் பித்தக்கல்லாலும் மஞ்சள் வரும். ஈரல் கெட்டாலும், புற்றுநோயாலும், எலிக்காய்ச்சலாலும் வரும். ஒன்றுக்குக் காத்திருக்கலாம். மற்றொன்றில் ஒரு நாள் தாமதமும் உயிரைக் கேட்கும். கண்ணால் பார்த்து இதைப் பிரித்தறிய நல்ல பரிசாரியாலும் எப்போதும் முடியாது. இரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டும். வயலுக்கு இறங்குபவர்களுக்கு, எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கும் டொக்சிசைக்ளின் மாத்திரையை பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதை வாங்கிப் பாவிப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

இதை எழுதுவது மூலிகையை வெறுக்கச் செய்வதற்கல்ல. சளிக்கு மல்லித் தண்ணீர் குடியுங்கள். வல்லாரைச் சம்பல் சாப்பிடுங்கள். நாட்பட்ட நோய்க்கு ஆயுர்வேதமோ யூனானியோ சித்தமோ நாடுவதென்றால், ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெற்ற வைத்தியரிடம் செல்லுங்கள். அரச ஆயுர்வேத வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் எமது பிரதேசங்களிலும் இருக்கின்றன. காய்ச்சலோடு கண் மஞ்சளானால், சிறுநீர் குறைந்தால், மூச்சு முட்டினால், அன்றே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

செய்திகளைப் பகிர்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட ஒரு பாணியை வாங்க கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பயத்திலிருக்கும் மனிதன் எதையும் குடிப்பான். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவரே அதனால் வரும் பாதிப்புக்குப் பொறுப்பாளி என்ற கருத்துள்ள ஹதீஸ் அபூதாவூத், நஸாஈ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் இடம்பெற்றிருக்கிறது. ‘இதைக் குடித்தால் சுகமாகும்’ என்று நூறு பேருக்கு அனுப்புவதும் மருத்துவம் பார்ப்பதில்தான் சேரும் என்றே நான் கருதுகிறேன்.

புளியங்கன்று கொண்டுவந்த மாணவன் மறுநாள் உண்மையான கீழ்காய்நெல்லியோடு வந்தான். “மூத்தம்மா ஏசினா சேர். இலைக்குக் கீழ காய் வரிசையா இரிக்கான்னு பார்க்காம ஏன் புடுங்கினன்னு கேட்டா” என்றான். அந்த மூதாட்டிக்குச் செடி தெரிந்திருக்கிறது. பேரப்பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது பெயர் மட்டும்தான். எமது வீடுகளில் இப்படியான மூத்தம்மாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் செடியைக் கேட்டுப் படிப்போம். நோயை மட்டும் வைத்தியரிடம் கேட்போம்.

அல்லாஹ் எமது நோயாளர்களுக்கு ஷிஃபாவையும், சாச்சாவுக்கு மஃபிரத்தையும் வழங்குவானாக.