மணலுக்கும் ஒரு கணக்கு உண்டு
சிறு மீன்பிடித் துறைமுகங்களின் உண்மைச் செலவு

கழக்கூட்டத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலைப் புறவழி கேரள மண்ணில் நிறைவுறும் இடம் காரோடு. நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், பாறசாலையை அடுத்து, தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் எல்லைச் சிற்றூர். அங்கிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் பொழியூர்க் கடற்கரையை அடையலாம். அதற்கு அடுத்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்து நீரோடி.

2024 பிப்ரவரி 5 அன்று கேரள நிதியமைச்சர் கே. என். பாலகோபால் சட்டமன்றத்தில் அளித்த நிதிநிலை அறிக்கையில், பொழியூரில் புதிய மீன்பிடித் துறைமுகம் அமைக்கும் முதற்கட்டப் பணிக்கென 5 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நெடுநாள் கோரிக்கைக்குக் கிடைத்த முதல் விடை அது. ஆயினும், ஐந்து கோடி என்பது தொடக்கம் மட்டுமே. ஒரு சிறு மீனவர் சமூகத்திற்குத் துறைமுகம் அமைத்துத் தர உண்மையில் எவ்வளவு செலவாகும்? அச்செலவை யார் யார் சுமக்கின்றனர்? இவ்வினாக்களையே இக்கட்டுரையில் ஆராய்கிறோம்.

துறைமுகம் இல்லாமையின் விலை

துறைமுகம் இல்லாத ஊரிலும் துறைமுகச் செலவு உண்டு. அது அரசின் கணக்கில் தெரிவதில்லை, மீனவர் வீட்டுக் கணக்கில் மட்டுமே தெரியும். கரை அரிக்கப்பட்ட பின், பொழியூர் மீனவர் பலர் தம் ஊர்க் கரையிலிருந்து வள்ளம் இறக்க இயலாமல் விழிஞ்ஞம் முதலிய வேறு துறைகளை நாட நேர்ந்தது. அதனால் எரிபொருள் கூடுகிறது. போக்குவரத்துக்குப் பணமும் நேரமும் போகின்றன. அயலூர் ஏலத்தில் அவர்கள் விருந்தாளிகள் மட்டுமே. ஊரில் மீன் விற்றுப் பிழைத்த பெண்களுக்கோ விற்பதற்கு மீனே கரைக்கு வருவதில்லை.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக்காக நாம் அமைத்த கணக்கே. ஒரு படகுக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 500 ரூபாய் செலவாவதாகவும், ஆண்டில் 150 நாள் தொழில் நடப்பதாகவும் கொண்டால், ஆண்டுக்கு 75,000 ரூபாய். இத்தகைய படகுகள் 200 இருப்பின் மொத்தம் 1.5 கோடி ரூபாய். எந்தப் பேரேட்டிலும் எழுதப்படாத இத்தொகை ஆண்டுதோறும் கடலில் கரைகிறது.

எல்லை அறியாத மணல்

இனி, கடலின் கணக்கைக் காண்போம். அலைகள் கரையை நேராக மோதுவதில்லை. சாய்ந்தே வந்து மோதுகின்றன. அதனால் மணல் கரையோரமாக ஓயாது நகர்ந்துகொண்டே இருக்கிறது. இப்பகுதியில் ஆண்டு முழுமைக்கும் கூட்டிப் பார்த்தால் அந்நகர்வு பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. குறுக்கே ஒரு கற்சுவர் எழுந்தால், அதன் தென்புறத்தில் மணல் சேரும். வடபுறம் மணல் கிடைக்காமல் மெலியும். இச்சுவரைத் தமிழகக் கரையில் தூண்டில் வளைவு என்றும் கேரளக் கரையில் புலிமுட்டு என்றும் வழங்குவர். பெயர் வேறாயினும் விளைவு ஒன்றே.

1956 நவம்பர் 1 வரை இக்கரை முழுவதும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தது. அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்துக்கு எல்லை வகுத்தாயிற்று. மணலுக்கு வகுக்க இயலவில்லை. எல்லைக்குத் தெற்கே தமிழகக் கடலோரச் சிற்றூர்களைக் காக்க இடப்பட்ட கற்கள், எல்லைக்கு வடக்கே பொழியூரின் வீடுகளையும் கடலோரச் சாலையையும் அலைக்கு அருகில் கொண்டுவந்துவிட்டன என்பது அங்குள்ளோரின் நெடுநாள் முறையீடு. தெற்கே ஒருவர் தம் வீட்டைக் காத்தது தவறன்று. ஆனால் அந்தக் காப்பின் செலவில் ஒரு பங்கு அண்டை ஊரின் தலையில் விழுந்தது. நாளை பொழியூரில் எழும் சுவரும் தனக்கு வடக்கே உள்ள ஊர்களுக்கு இதே கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கும்.

முதலப்பொழி தரும் பாடம்

இக்கணக்கைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதற்குத் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. பெருமாதுறைக்கும் தாழம்பள்ளிக்கும் இடையே, காயல் கடலோடு கலக்கும் முகத்தில் அமைந்தது முதலப்பொழித் துறைமுகம். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பணி தொடங்கி, நின்று, வடிவம் மாற்றப்பட்டு, 2020-இல் நிறைவுற்றது. எனினும் வாயிலில் மணல்திட்டு வளர்வது நிற்கவில்லை. அலை அத்திட்டின்மீது உடைந்து எழும்போது படகுகள் கவிழ்ந்தன. மீனவர் பலர் உயிரிழந்தனர். 2023 ஜூலை 10 அன்று மட்டும் ஒரே படகிலிருந்த நால்வர் மாண்டனர். தென்புறக் கரை அகன்றது. வடக்கே அஞ்சுதெங்கு பக்கம் கரை தேய்ந்தது. 2025 ஏப்ரலில் மணல் பொழியை முற்றிலும் மூடியதால், கண்ணூர் மாவட்டத்து அழீக்கலிலிருந்து ‘சந்திரகிரி’ என்னும் தூர்வாரும் கப்பலைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

புனேயிலுள்ள மத்திய நீர், மின்னாற்றல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுக்குப் பின், இத்துறைமுகத்தைச் சீரமைத்து விரிவாக்க 177 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2024-இல் ஒப்புதல் கிடைத்தது. ஏற்கெனவே கட்டி முடித்த ஒன்றைத் திருத்துவதற்கான விலை இது. எல்லைக்கு இப்பால், குழித்துறைத் தாமிரபரணியின் முகத்தில் அமைந்த தேங்காப்பட்டணம் துறைமுகத்திலும் வாயிலில் மணல் சேர்ந்து படகுகள் கவிழ்ந்ததை நம் வாசகர்கள் அறிவர்.

மணலின் பொறுமை புதிதன்று. பூவாறிலிருந்து கன்னியாகுமரி வரை நீர்வழி அமைக்கும் நோக்கில் 1860-இல் தொடங்கப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் இப்பகுதி வழியாகவே செல்கிறது. அது குமரியை எட்டவில்லை. வெட்டிய பகுதியும் பராமரிப்பின்றிப் பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. வெட்டுவதற்குப் பணம் தேடியவர்கள் பேணுவதற்குத் தேடவில்லை.

நிதி வரும் வழிகள்

துறைமுகம் போன்ற பொதுப் பணிகளுக்குப் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ், பொதுவாக மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கின்றன. முதலப்பொழியின் 177 கோடியில் 106.20 கோடி மத்திய அரசின் பங்கு, 70.80 கோடி மாநிலத்தின் பங்கு. மற்றொரு வழி, 2018-19-இல் 7,522.48 கோடி ரூபாய் மதிப்பில் உருவாக்கப்பட்ட மீன்வள உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியம். இதன்கீழ் நபார்டும் தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகமும் வங்கிகளும் கடன் வழங்குகின்றன. வட்டியில் 3 விழுக்காடு வரை மத்திய அரசு ஏற்கிறது. திருப்பிச் செலுத்தும் காலம், இரண்டாண்டு விடுப்புக் காலம் உட்பட 12 ஆண்டுகள்.

கடன் மதிப்பிடும் பழக்கமுள்ள நாம் எந்தத் திட்டத்திலும் முதலில் கேட்பது, கட்டுமானச் செலவைவிடப் பராமரிப்புச் செலவு எங்கிருந்து வரும் என்பதையே. சிறு துறைமுகத்தின் மதிப்பீட்டில் நான்கு இனங்கள் இடம்பெற வேண்டும் எனக் கருதுகிறோம். ஒன்று, அலைத்தடுப்புச் சுவர், படகுத்துறை, ஏலக்கூடம், பனிக்கட்டிக்கும் குடிநீருக்கும் ஆன ஏற்பாடு ஆகியவற்றின் கட்டுமானச் செலவு. இரண்டு, கட்டத் தொடங்குமுன் குறைந்தது ஓராண்டின் எல்லாப் பருவங்களிலும் அலையையும் மணலையும் அளக்கும் ஆய்வுச் செலவு. மூன்று, ஆண்டுதோறும் தூர்வாருவதற்கென ஒதுக்கிவைத்த தொகை. நான்கு, வடபுறக் கரைக்கு மணலை எடுத்துச் சேர்க்கும் செலவு. முதல் இனத்தை மட்டும் எழுதிய மதிப்பீடு மலிவாகத் தோன்றும். ஆனால் விடுபட்ட மற்ற மூன்றும் பின்னாளில் உயிர்களாகவும் வீடுகளாகவும் கணக்கில் ஏறும்.

துறைமுகம் எழும் வரை

துறைமுகம் ஓரிரு ஆண்டில் எழுவதன்று. அதுவரை தொழில் நடந்தாக வேண்டும். 2018-19 முதல் மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்ட கிசான் கடன் அட்டையைக் கொண்டு எரிபொருள், பனிக்கட்டி, கூலி, வலை பழுதுபார்த்தல் ஆகிய நடைமுறைச் செலவுகளுக்குக் கடன் பெறலாம். வட்டி 7 விழுக்காடு. தவணை தவறாது செலுத்துவோர்க்கு 3 விழுக்காடு தள்ளுபடி கிடைப்பதால், சுமை 4 விழுக்காடாகக் குறைகிறது. மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் மீனவர் தவணைத் தொகை எதுவும் செலுத்த வேண்டியதில்லை. இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கண்ட இக்கரையில், ஒவ்வொரு குடும்பமும் இதில் பதிந்திருப்பது நலம்.

பொழியூரின் வள்ளங்கள் தம் ஊர்க் கரைக்கே திரும்பும் நாள் வரவேண்டும். அந்நாளுக்கான மதிப்பீட்டை இப்போது எழுதுவோர், கல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், மணலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவார்களாக.