கொடி நாள் காசு எங்கே போகுது?

தாம்பரம் விமானப்படைத் தளத்து விமானம் தலைக்கு மேலே பறந்தா அண்ணாந்து பார்க்கிறோம். அதை ஓட்டுபவருக்கு அடிபட்டால் யார் பார்ப்பது?

எம்.பி. அனில்குமார் மிக்-21 விமானி. 1988-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. புனே அருகே கிர்க்கியில் உள்ள படைவீரர் மறுவாழ்வு மையமே 2014-ல் மறையும்வரை அவருக்கு வீடு. அங்கே பேனாவை வாயில் கவ்வி எழுதக் கற்றார். அவர் கட்டுரை மகாராஷ்டிர மாணவர்களுக்குப் பாடமாச்சு!

அந்த மையத்துக்குக் கொடி நாள் நிதியும் உதவுது. 1949 முதல் டிசம்பர் 7 கொடி நாள். கொடியில் சிவப்பு தரைப்படை, கருநீலம் கடற்படை, வெளிர்நீலம் விமானப்படை.

இனி உண்டியல் வகுப்புக்கு வந்தா, "சில்லறை இல்லை சார்"னு சொல்லாதீங்க. சிறுதுளி பெருவெள்ளம்!