நீண்ட பாடல்களுக்குப் பழகிய செவிகள்

இசை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது திரைப்பாடல்களே. நான்கைந்து நிமிடங்களில் முடிந்துவிட வேண்டும்; பல்லவி திரும்பத் திரும்ப வர வேண்டும். இந்த வழக்கத்துக்கு அடங்காத இரண்டு இசை வகைகளை இங்கே அறிமுகப்படுத்த விரும்புகிறேன். ஒன்று புரோகிரசிவ் ராக், மற்றொன்று போஸ்ட் மெட்டல்.

ஜெராமில் எங்கள் வீட்டில் இதைப் போட்டால், "என்னாடா இது, பேய் கத்துற மாதிரி?" என்பார் பாட்டி. அதே பாட்டி தோட்டக் கோயில் திருவிழாவில் உறுமி மேளத்தின் முன்னால் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பார். மெதுவாகத் தொடங்கி, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து, சிறிது சிறிதாக வேகம் கூட்டி, கடைசியில் அருள் வரவழைக்கும் வாசிப்பு அது. போஸ்ட் மெட்டல் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவின் ஐசிஸ் குழு 2002இல் வெளியிட்ட 'ஓஷியானிக்' இவ்வகைக்கு முன்மாதிரி. சுவீடனின் கல்ட் ஆஃப் லூனா 2022இல் தந்த 'தி லாங் ரோட் நோர்த்' ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும். பாடகரின் உறுமலில் சொற்களைத் தேடாதீர்கள். அதுவும் ஒரு வாத்தியம்தான். ஜெராம் கடற்கரைச் சேற்றில் ஏற்றநீர் ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? எப்போது நிறைந்தது என்றே தெரியாது.

புரோகிரசிவ் ராக் வேறு மாதிரி. 1969இல் கிங் கிரிம்சன் வெளியிட்ட முதல் ஆல்பம் இதன் தொடக்கக் கல். இதில் தாளக்கணக்கு முக்கியம். பிங்க் ஃபுளோய்ட் குழுவின் 'மணி' (1973) பெரும்பாலும் ஏழு எண்ணிக்கையில் நடக்கும். மிஸ்ர சாபு அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அண்மையில் வந்தவற்றில் ஓபெத் குழுவின் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமண்ட்' (2024) என்னை மிகவும் கவர்ந்தது. முதல் உலகப் போருக்குப் பின், ஒரு பணக்காரக் குடும்பத்தில் உயில் வாசிக்கப்படும் கதை. எட்டில் ஏழு பாடல்களுக்குப் பெயரே இல்லை. உயிலின் பத்தி எண்கள் மட்டுமே.

நம்மவர்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூரின் ருத்ரா 1992இல் தோன்றிய குழு. வேதாந்தத்தை மெட்டலில் பாடுகிறார்கள். 'பிரம்மவித்யா' என்ற மூன்று ஆல்பங்களை 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளிலும், 'எய்ட் மகாவித்யாஸ்' ஆல்பத்தை 2022இலும் தந்தார்கள். பெரும்பாலும் ஆங்கிலமும் வடமொழியும்தான்; அது எனக்குச் சிறு குறையே. பெங்களூரின் 'அகம்' கர்நாடக இசையையும் ராக்கையும் இணைக்கும் குழு. புதியவர்கள் இவர்களின் 2012 ஆல்பமான 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' தொகுப்பிலிருந்து தொடங்கலாம். அதில் 'சுவான்ஸ் ஆஃப் சரஸ்வதி' என்பது தியாகராஜரின் 'பண்டுரீதி' கீர்த்தனைதான். ராகம் ஹம்சநாதம் என்பதால் அன்னப்பறவை தலைப்பில் வந்துவிட்டது!

போன விடுமுறையில் அதைப் பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். கடைசி வரை கேட்டார். தோட்டத்தில் தெலுங்கர் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவர், மொழி உடனே பிடிபட்டுவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு. தமிழ்ல முழுசா இப்படி ஒன்னு இல்லையாய்யா?"

அகம் தமிழிலும் சில பாடல்கள் பாடியிருக்கிறது என்றேன். முழு ஆல்பமாக எடுத்து நீட்ட என் கையில் ஒன்றும் இல்லை.