செம்பனை மரத்தில் பெரணியை நட்டது யார்?

தோட்டப்புறச் சாலையில் பேருந்தில் போகும்போது செம்பனை மரங்களைக் கவனித்திருக்கிறீர்களா, மாணவர்களே? வெட்டிய மட்டைகளின் அடிப்பகுதி மரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடுக்குகளில் பெரணிச் செடிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். யாரும் ஏணி வைத்து ஏறி அவற்றை நடவில்லை. பறவை எச்சத்தின்வழி விதை வந்தது என்றும் சொல்ல முடியாது. பெரணிக்குப் பூ இல்லை, பழம் இல்லை, விதையும் இல்லை. பிறகு எப்படி அவ்வளவு உயரத்திற்கு வந்தது?

காற்றில் ஸ்போராக வந்தது.

ஒரே ஓர் உயிரணு

முதிர்ந்த பெரணி இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் பழுப்பு நிறப் புள்ளிகளோ கோடுகளோ தெரியும். அது நோயன்று. ஒவ்வொரு புள்ளியிலும் நுண்ணிய பைகள் பல இருக்கின்றன. பெரும்பாலான பெரணிகளில் ஒரு பைக்குள் 64 ஸ்போர்கள் இருக்கும். பை காயும்போது அதன்மேல் உள்ள தடித்த உயிரணு வரிசை பின்பக்கமாக வளைகிறது. பிறகு சட்டென்று முன்னே திரும்பி, கவண் கல்லை எறிவதுபோல் ஸ்போர்களை வீசுகிறது.

ஸ்போர் என்பது ஒரே ஓர் உயிரணு. அதற்குள் இளஞ்செடி இல்லை. சேமித்த உணவும் மிகக் குறைவு. சுமை இல்லாததால் அது நெடுந்தூரம் போகும். 1883இல் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே கிராகத்தோவா எரிமலை வெடித்து, தீவு சாம்பலில் புதைந்தது. 1886இல் டச்சுத் தாவரவியலாளர் மெல்கியோர் ட்ரூப் அங்கே சென்றபோது, தீவின் உட்பகுதியில் பெரணிகளே மிகுந்திருந்தன. அவர் கண்டவை 11 வகை. கடல் தாண்டி அவற்றைக் கொண்டு சேர்த்தது காற்று.

நீர் இல்லாமல் முடியாது

ஸ்போர் விழுந்த இடத்தில் உடனே பெரணி முளைப்பதில்லை. முதலில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடு ஒன்று வளரும். அதில்தான் ஆண் அணுவும் பெண் அணுவும் உருவாகின்றன. ஆண் அணு நீந்தித்தான் பெண் அணுவை அடைய வேண்டும். அதற்கு மெல்லிய நீர்ப்படலமாவது தேவை. ஈரச்சுவரில் வளரும் மோஸ் பாசிக்கும் இதே நிலைதான்.

கட்டுச்சோற்றுடன் புறப்படும் விதை

விதைத் தாவரங்களில் ஆண் அணுவை மகரந்தம் சுமந்து செல்கிறது. ஆகவே, வெளியே நீர்ப்படலம் தேவையில்லை. கருவுற்றபின் இளஞ்செடியும் அதற்கான உணவும் ஓர் உறைக்குள் அமைகின்றன. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பயணம் போவதுபோல! பைன் மரத்தில் இந்த விதை கூம்பின் செதில்மேல் மூடப்படாமல் இருக்கும். பூக்கும் தாவரங்களில் பழத்திற்குள் இருக்கும்.

காத்திருக்க முடியாத விதைகள்

நெல், மிளகாய் விதைகளைக் காயவைத்துப் பல ஆண்டுகள் பாதுகாக்கலாம். நோர்வேயின் ஸ்வால்பார்டில் 2008இல் திறக்கப்பட்ட விதைக் களஞ்சியம், பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் குளிரில் அவ்வாறே விதைகளைக் காக்கிறது.

எல்லா விதைகளும் அப்படியல்ல. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனிலுள்ள கியூ பூங்காவுக்குக் கப்பலில் கொண்டு சென்றார். முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. ரப்பர் விதை காய்ந்தால் செத்துவிடும். மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய மரங்களில் பெரும்பாலானவை, அந்தப் பயணத்தில் பிழைத்த விதைகளின் வழிவந்தவை.

டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான் விதைகளும் இந்த இனமே. நம் காட்டின் மெராந்தி மரங்களும் அப்படித்தான். அவை பெருமளவில் பூப்பதே பல ஆண்டுகளுக்கு ஒருமுறை. உதிரும் விதைகளையும் காயவைத்துக் களஞ்சியத்தில் பூட்டிவைக்க முடியாது. அவற்றுக்கு, நின்றுகொண்டிருக்கும் காடுதான் களஞ்சியம். 'இப்போது வெட்டிவிட்டுப் பிறகு நட்டுக்கொள்ளலாம்' என்றால், விதைக்கு எங்கே போவது?

செய்து பாருங்கள்

பழுப்புப் புள்ளிகள் உள்ள பெரணி இலையை, புள்ளிகள் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாள்மேல் வையுங்கள். காற்று படாமல் மூடி, இரண்டு நாள் விடுங்கள். தாளில் படியும் தூளைப் பள்ளி நுண்ணோக்கியில் பாருங்கள். பக்கத்தில், இரவு ஊறவைத்த பச்சைப்பயறு ஒன்றைப் பிளந்து வையுங்கள். இளஞ்செடி எதில் தெரிகிறது? வரைந்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.