நாற்றுக்கு ஒரு நிழற்குடில்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் மொழி. முளையைக் காத்தாலன்றி விளைவைக் காண இயலாது என்பதும் அதனுள் அடங்கிய உண்மையேயாம். ஆடிப்பட்டம் தேடிக் கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளைக் கொல்லையில் தூவும் நம் குடும்பங்கள் பல, சில நாள்களிலேயே நாற்றுகள் மடிந்து கிடக்கக் கண்டு மனம் சோர்கின்றன. வீரிய ஒட்டுரக விதை சிறு பொட்டலமாயினும் விலை மிகுந்தது. கூலி வேலை செய்து வாழும் வீட்டிற்கு அவ்விழப்பு சிறிதன்று. விதை பொய்த்தது என்று வணிகரை நோவோம். ஆயின், பல வேளைகளில் குறை விதையிலன்று, காப்பின்மையிலேயே உள்ளது.

இளநாற்றின் பகைகள் யாவை? உச்சி வெயில், அறைந்து பெய்யும் மழை, ஆடிக் காற்று, கிளறும் கோழி ஆகியவை கண்ணுக்குத் தெரிந்தவை. கண்ணுக்குத் தெரியாத பகை நாற்றழுகல் நோய். ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்த இடத்தில் பூஞ்சை பெருகித் தண்டின் அடியை அழுகச் செய்ய, நாற்று சாய்ந்துவிடும்.

19ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துத் தோட்டக்காரர், மணி வடிவான கண்ணாடி மூடிகளால் நாற்றுகளைக் கவித்துக் காத்தனர். குளிர் நாட்டினர்க்கு வெப்பம் வேண்டியிருந்தது. நமக்கோ வேண்டுவது நிழலும் காற்றும். அவர்களைப் பின்பற்றி நாமும் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடினால், நம் வெயிலில் நாற்று வெந்துபோகும்.

இக்குடிலுக்குக் கடையில் வாங்க வேண்டிய பொருள் எதுவுமில்லை எனலாம். ஆறடி நீளம், மூன்றடி அகலமுள்ள மேட்டுப்பாத்தியை வடக்கு தெற்காக அரையடி உயரத்தில் அமைப்போம். கிழக்கே ஐந்தடிக் கழிகள் இரண்டு, மேற்கே நான்கடிக் கழிகள் இரண்டு. ஒவ்வொன்றையும் ஓரடி ஆழம் ஊன்றுவோம். மேலே குறுக்குக் கழிகளைப் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளால் கட்டினால் காற்றுக்கு அசைந்து கொடுக்குமேயன்றி அவிழாது. காலை இளவெயில் கிழக்கே நுழையும். மேற்குச் சரிவு பிற்பகல் வெயிலைத் தடுக்கும்.

கூரைக்கு வெளிர்நிற மெல்லிய பழஞ்சேலை போதும். பதினெட்டடிச் சேலையை மூன்றாக வெட்டினால், ஒன்று கூரை, ஒன்று மேற்குத் திரை, ஒன்று மாற்று. பெருமழை வரும்போது மட்டும், பயன்முடிந்த ஃப்ளெக்ஸ் பேனரையோ, தூசு நீங்கக் கழுவிய சிமெண்ட் சாக்கையோ மேலே விரித்துக் கட்டலாம். மழை விட்டதும் எடுத்துவிட வேண்டும்.

தமிழகத்தில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்குத் தடை வந்தபோதும், பால் உறைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவ்வுறைகளைக் கழுவி, அடியில் துளையிட்டு, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்பினால் நல்ல நாற்றுப் பைகளாகும். கண் துளைத்த தேங்காய்ச் சிரட்டையும் ஏற்றதே. தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசியால் துளைகளிட்டால் பூவாளி ஆயிற்று. காலையில் அளவாகத் தெளித்தல் நன்று. நெருக்கமாக விதைத்தல் நோயை அழைப்பதாகும்.

நடவுக்கு ஒரு வாரம் முன்னதாகக் கூரையைச் சிறிது சிறிதாக விலக்கி நாற்றை வெயிலுக்குப் பழக்குதல் இன்றியமையாதது. தக்காளி ஏறத்தாழ 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 40 நாளிலும் நடவுக்கு ஆயத்தமாகும். மாலையில் நடுக. அடியும் தலையும் வெட்டிய பாட்டில் வளையத்தை ஒவ்வொரு நாற்றைச் சுற்றியும் மண்ணில் பதித்தால், வெட்டுப்புழு தண்டை அணுகாது.

இரு எச்சரிக்கைகள். பூச்சிமருந்து இருந்த கலத்தை எக்காரணத்திற்கும் எடுத்தாளற்க. சாக்கும் பேனரும் வெயிலில் நைந்து பொடியாகி மண்ணில் கலக்குமுன் அவற்றை அகற்றிப் பழைய பொருள் வாங்குவோரிடம் சேர்ப்பிக்க வேண்டும், எரித்தலாகாது.

குப்பையென நாம் ஒதுக்கியவற்றுள் ஒரு குடும்பத்தின் கறிகாய்த் தோட்டமே அடங்கியுள்ளது. ஒரு பிற்பகல் உழைப்பே அதன் விலை. சிறுவர் கழி பிடிக்க, அன்னையர் சேலை கட்ட, தந்தையர் மண் கலக்க, வீட்டார் அனைவரும் கூடிச் செய்யத்தக்க பணி இது. வரும் ஆடிக்குள் நம் இல்லந்தோறும் ஒரு நிழற்குடில் எழுமாக!